ஆயாம்மாவின் டபரா பரீட்சை

ஆழ்வார்பேட்டையில் ஒரு தையற்கடைக்கு மேலே, முதல் மாடியில் இருந்தது நான் வேலை பார்த்த கிளினிக். அங்கே மூன்று மெஷின்கள் இருந்தன. ஒன்று எக்ஸ்ரே எடுக்க, ஒன்று இதயத்தைப் பார்க்க, ஒன்று காதைச் சோதிக்க. மூன்றையும் ஏமாற்றிவிட்டு, மீசையை முறுக்கிக்கொண்டு வெளியே வந்த கப்பல்காரர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் எங்கள் ஆயாம்மா போட்ட காப்பியை ஏமாற்றிவிட்டுப் போனவன் என்று ஒருத்தனையும் சொல்ல முடியாது.

கப்பலில் வேலைக்குப் போகிறவர்களுக்கு உடம்பு தகுதியாக இருக்கிறது என்று சர்டிபிகேட் கொடுப்பதுதான் அந்தக் கிளினிக்கின் வேலை. அந்தக் காகிதம் இல்லாமல் கப்பல் ஏற முடியாது. காலை ஏழு மணிக்கே வெறும் வயிற்றோடு வந்து மாடிப்படியில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். தூத்துக்குடிக்காரர், ராயபுரத்துக்காரர், ஆந்திராக்காரர், பீகார்க்காரர். பாதிப் பேர் திருவல்லிக்கேணி மேன்ஷன்களில் தங்கியிருப்பவர்கள். நான் ரிசப்ஷனில் உட்கார்ந்து பெயர், ஊர், பாஸ்போர்ட் நம்பர் எல்லாம் கேட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றுவேன். கடைசிக் கேள்வி, 'இதற்கு முன் கப்பலில் அடிபட்டதுண்டா?'

அதற்கு எல்லாரும் ஒரே பதில்தான் வைத்திருப்பார்கள். "இல்ல மேடம்." நெற்றியில் புருவம்வரை தழும்பு ஓடும், "இல்ல மேடம்" என்பான். கப்பலின் இரும்பு மூடிக்கு இரண்டு விரல் நுனியைக் கொடுத்துவிட்டு வந்த ஒருவர், "பிறவிலேயே இப்படித்தான் மேடம்" என்றார். நானும் 'பிறவியிலேயே' என்று டைப் அடித்தேன். வேறென்ன செய்ய? நான் என்ன போலீஸா?

அவர்கள் பொய் சொல்வதற்குக் காரணம் இருந்தது. அடிபட்டவன் என்று ஒரு தடவை காகிதத்தில் ஏறிவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள் தயாராக நிற்பான். கப்பல் யாருக்காகவும் காத்திருக்காது. அதனால் வலியை விழுங்கிக்கொண்டு டாக்டர் முன்னால் நின்று, கையைத் தூக்கு என்றால் தூக்கி, விரலை அழுத்து என்றால் அழுத்தி, ஐந்து நிமிஷம் பல்லைக் கடித்துக்கொண்டு நடித்துவிடுவார்கள். நாடகக் கம்பெனி தோற்றது போங்கள்.

ஆயாம்மாவுக்கு அப்போது ஐம்பதை ஒட்டிய வயது. கோட்டூர்புரம் ஹவுசிங் போர்டிலிருந்து பஸ் பிடித்து வருவார். கூட்டுவது, துடைப்பது, ரத்தம் எடுத்த பாட்டில்களை லேபுக்குக் கொண்டுபோவது, காப்பி போடுவது எல்லாம் அவர் பொறுப்பு. அவருடைய பெயர் எனக்குத் தெரியும். அந்தப் பெயரால் யாரும் அவரைக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை, இங்கே எழுதினால் எனக்கே வேறு யாரோ போலிருக்கும். பதிலுக்கு அவரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். வந்தவர்களின் வேலைதான் அவர்களுக்குப் பெயர். ஆயிலர், ஃபிட்டர், குக்கு, போசன். போசன் என்றால் மேல்தளத்து ஆட்களுக்கெல்லாம் தலைவன். என் பெயர் கம்ப்யூட்டர்.

"இன்னா கம்ப்யூட்டர், காலங்காத்தால மூஞ்சி உர்ருனு கீது? ஊட்ல சண்டையா?"

"பஸ்ல நின்னுகிட்டே வந்தேன் ஆயாம்மா."

"நானுந்தான் நின்னுக்கினு வந்தேன். என் மூஞ்சி இன்னா அப்டியா கீது?"

சர்க்கரைச் சோதனைக்கு வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்து முடித்ததும் ஆளுக்கு ஒரு காப்பி. இது டாக்டர் வைத்த வழக்கம். ஆனால் டபரா செட் ஆயாம்மா வைத்த வழக்கம். பேப்பர் கப்பை அவர் உள்ளேயே விட மாட்டார். எதிர்க்கடையில் அரைத்த பொடி, கள்ளிச்சொட்டுப் போல டிக்காஷன், அடுப்பை விட்டு இறங்காத பால். டம்ளரில் விளிம்புவரை ஊற்றி, டபராவில் வைத்துக் கொண்டுவந்து நீட்டுவார். உதட்டில் வைத்தால் வெந்துபோகும். டபராவில் ஊற்றி, டம்ளரைத் தூக்கித் தூக்கி நாலு தடவை ஆத்தினால்தான் குடிக்கலாம். ஆத்துவதற்கு இரண்டு கையும் வேண்டும், மணிக்கட்டு வேண்டும், தோள் வேண்டும், பத்து விரலும் வேண்டும். காப்பியைக் கொடுத்துவிட்டு ஆயாம்மா ஒரு துணியை எடுத்துக்கொண்டு ஜன்னல் கம்பியைத் துடைப்பார். உலகத்திலேயே அவ்வளவு சுத்தமான ஜன்னல் கம்பியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். வாசல் நிலையில் தலை இடிக்கும் உயரத்தில் ஒரு போசன் வந்தார். டாக்டர் முன்னால் இரண்டு கையையும் ஆகாசத்துக்குத் தூக்கிக் காட்டிவிட்டு வந்து ஜம்மென்று உட்கார்ந்தார். காப்பி வந்தது. மனிதர் ஆத்தவே இல்லை. கொதிக்கக் கொதிக்க அப்படியே வாயில் ஊற்றிக்கொண்டார், கண்ணில் தண்ணீர் முட்டியது. ஆயாம்மா துணியைத் தோளில் போட்டுக்கொண்டு டாக்டர் அறைக் கதவைத் திறந்து இரண்டே சொல் சொன்னார்.

"வல்து தோளு."

டாக்டர் அவரை மறுபடி உள்ளே கூப்பிட்டார். இந்த முறை பல்லைக் கடித்தாலும் முடியாதபடி நிதானமாகப் பார்த்தார். கப்பலின் இரும்பு மூடியைத் தூக்கும்போது தோளில் தசைநார் கிழிந்து, அதை யாரிடமும் சொல்லாமலே மீதி மாதங்களைக் கப்பலில் ஓட்டிவிட்டு வந்திருக்கிறார் அந்தப் போசன். காப்பியை வைத்து டாக்டர் யாரையும் நிறுத்தியதில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். காப்பி எங்கே பார்க்க வேண்டும் என்று காட்டும், அவ்வளவுதான். பிறகு எனக்குப் பழகிவிட்டது. ஃபைலைக் கொண்டுபோய் வைத்தால் டாக்டர் கண்ணாடிக்கு மேலே பார்த்து, "ஆயாம்மா என்ன சொல்றா?" என்று கேட்பார்.

இன்ஜின் அறையில் வேலை செய்கிறவர்களுக்கு வேறு சோதனை. இரைச்சலிலேயே இருந்து காது போயிருக்கும், மெஷினில் சத்தம் வரும் நேரத்தைக் குத்துமதிப்பாக ஊகித்து பட்டனை அமுக்கிவிடுவார்கள். ஆயாம்மா அவர்களுக்குப் பின்னால் போய் நின்று, ரகசியம் போல மெதுவாகக் கேட்பார், "சக்கரை போதுமா?" திரும்பினால் சரி. திரும்பாவிட்டால் டாக்டர் அறைக்கதவு திறக்கும்.

வடக்கத்திப் பையன்கள் டபராவைப் பார்த்ததும் திருதிருவென்று விழிப்பார்கள், பாதியைத் தரையில் ஆத்துவார்கள். அவர்களை ஆயாம்மா ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை. எப்படி என்று நான் கேட்டேன்.

"தெரியாதவனுக்குக் கை நடுங்கும். முடியாதவனுக்கு மூஞ்சி நடுங்கும்" என்றார்.

இன்னொரு பழக்கமும் இருந்தது. கிளம்புகிறவர்கள் எல்லாரும் அவரிடம் "வர்றேன் ஆயாம்மா" என்று சொல்வார்கள். நம் ஊரில் அதற்கு என்ன பதில் சொல்வோம்? 'போய்ட்டு வா' என்போம். அதுவும் கடலுக்குப் போகிறவனிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது? ஆயாம்மா சொல்ல மாட்டார். "டம்ளர வச்சிட்டுப் போ" என்பார். எத்தனை பேர் வந்தாலும் இதே பதில்தான். ஏன் ஆயாம்மா, வாய் நிறைய ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று ஒருநாள் கேட்டேன். "வேலையப் பாரு கம்ப்யூட்டர்" என்று போய்விட்டார்.

மேன்ஷன்களில் விஷயம் பரவாமல் இருக்குமா? பரவியது. ஒருவர் "நமக்கு காப்பி சேராது" என்றார், ஆயாம்மா அதே டபராவில் ஹார்லிக்ஸ் கொண்டுவந்தார். ஒருவர் மாலை போட்டிருக்கிறேன் என்றார். "சாமி காப்பி குடிக்க வேணாம்னு சொல்ச்சா? எந்தச் சாமி?" என்று அவரையும் விடவில்லை. கடைசியில் ஒரு குக்கு வந்து என்னிடம் குசுகுசுத்தார். "மேன்ஷன் மூணாவது மாடில நாலு பேர் சேர்ந்து டபரா செட்டு வாங்கிட்டாங்க மேடம். குழாய்த் தண்ணியப் புடிச்சு வச்சிக்கிட்டு ஆத்து ஆத்துன்னு ஆத்துறாங்க. ரூமுக்குள்ள கால் வைக்க முடியல, ஒரே ஈரம்."

நான் சிரித்த சிரிப்பில் தையற்கடைக்காரர் மேலே வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். ஆயாம்மாவிடம் சொன்னபோது அவருக்கு லேசாகப் பெருமை. "காலேஜ் வச்சிட்டானுங்களா?" என்று மட்டும் கேட்டார்.

அந்தக் காலேஜில் முதல் வகுப்பில் தேறியவன்தான் தூத்துக்குடிப் பையன். பையன் என்கிறேன், முப்பது வயதிருக்கும். சிரித்தால் எதிரில் இருப்பவர்களும் காரணமில்லாமல் சிரிக்கிற முகம். இத்தனை வருஷம் சாதாரண மாலுமியாக இருந்தவனுக்கு இந்தத் தடவை போசனாகவே ஆர்டர் வந்திருந்தது. நாலு நாளில் மும்பை போய்க் கப்பல் ஏற வேண்டும். "எங்க தெருவுலயே முதல் போசன் நான்தான் மேடம். எங்கம்மா ஊரு பூரா சொல்லியாச்சு. இப்ப போகலன்னா நான் ஊருப்பக்கம் தலைகாட்ட முடியாது" என்றான். அடிபட்டதுண்டா என்றேன். "எனக்கா? நம்ம பக்கத்துல அடியே வராது மேடம்!" எனக்கு அவனைப் பிடித்துவிட்டது. எப்படியாவது இவன் போய்விட வேண்டும் என்று மனசுக்குள் கபாலீஸ்வரருக்கு ஒரு மனு போட்டேன்.

டாக்டர் முன்னால் எல்லாம் சரியாக முடிந்தது. காப்பி வந்தது. அவன் இடதுகையால் டம்ளரைத் தூக்கினான் பாருங்கள், ஒரு முழ உயரத்திலிருந்து நூல் பிடித்தாற்போல இறங்கியது காப்பி. ஒரு சொட்டு வெளியே இல்லை. காத்திருந்தவர்களில் ஒருவர் கைதட்டியே விட்டார். நான் ஆயாம்மாவை வெற்றிப் பார்வை பார்த்தேன். அவர் ஜன்னலை விட்டுவிட்டு டாக்டர் அறைக்கு நடந்தார்.

"வல்து கை வெரலு. உள்ளங்கையப் பாருங்க சார்."

டபராவை யாரும் விளிம்பில்தான் பிடிப்பார்கள். அவன் வலது கையை விரித்து உள்ளங்கையில் வைத்திருந்தான். அடுப்பிலிருந்து இறங்கிய காப்பியை உள்ளங்கையில் ஏந்த எவனுக்குத் தலையெழுத்து? டாக்டர் கையைத் திருப்பியபோது டபராவின் அடிப்பாகம் அப்படியே சிவப்பு வட்டமாகப் பதிந்திருந்தது. போன கப்பலில், துறைமுகத்தில் கயிறு கட்டும்போது சுற்றுகிற உருளைக்கும் கயிற்றுக்கும் நடுவே கை மாட்டி, மோதிர விரலும் சுண்டு விரலும் நசுங்கியிருக்கின்றன. எலும்பு கூடிவிட்டது, விரல் மடங்கவில்லை. இடது கையால் ஆத்தப் பழகியவன், வலது கையில் டபராவை ஏந்தப் பழகியவன், எல்லாவற்றையும் பச்சைத் தண்ணீரில் பழகியிருக்கிறான். காப்பி சுடும் என்பதை அந்த மூணாவது மாடியில் ஒருத்தரும் யோசிக்கவில்லை.

இப்போதைக்குத் தகுதியில்லை, கை டாக்டரைப் பார்த்துச் சரிசெய்துகொண்டு வா என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். அவன் வெளியே வந்து ஆயாம்மா முன்னால் நின்றான். முகத்தில் அந்தச் சிரிப்பு இல்லை.

"நீங்க குடுத்தது காப்பி இல்ல ஆயாம்மா. எனக்கு வச்ச வேட்டு."

"காப்பி டம்ளரைப் புடிக்காத கை கவுத்தப் புடிக்குமா?"

"அது என் பாடு. உங்களுக்கு என்ன வந்துச்சு?"

அவன் படியிறங்கிப் போனான். எனக்கு வந்ததே கோபம்! "நீங்க என்ன ஆயாம்மா, சிஐடியா? பசியோட வர்றவனுக்குக் காப்பியக் குடுத்துட்டு காட்டிக் குடுக்கறீங்களே, இது துரோகம் இல்லையா?" என்று எல்லார் முன்னிலையிலும் கேட்டுவிட்டேன். அன்றிலிருந்து அவர் காப்பியை நான் தொடவில்லை. முனைக்கடையில் டீ வாங்கிக் குடித்தேன். அந்த டீ நெஞ்சைக் கரித்தது, ரோஷத்தோடு குடித்தேன். தினமும் பதினோரு மணிக்கு ஆயாம்மா என் மேஜையில் காப்பியை வைப்பார். தினமும் ஆறிப்போனதை எடுத்துக்கொண்டு போவார். ஒரு வாரம் இப்படியே போனது.

எட்டாம் நாள் படியில் ஒரு காலை இழுத்து இழுத்து ஏறும் சத்தம். வெள்ளைச் சட்டை, விபூதி, மேல் பட்டன்வரை போட்டுக்கொண்டு ஒரு பெரியவர் வந்து நின்றார். இடது கையில் ஒரு மூக்குக்கண்ணாடி.

"கம்ப்யூட்டர் நீதானாமா? காப்பி மேல கோவமா கீறியாமே!"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவர் ஆயாம்மாவின் கணவர். மனைவி மறந்துவிட்டு வந்த கண்ணாடியைக் கொடுக்க வந்தவர். இப்படி ஒருவர் இருப்பதே எனக்குத் தெரியாது. பத்து நிமிஷத்தில் அந்த மனிதர் காத்திருந்த மாலுமிகள் அத்தனை பேரையும் சிரிக்க வைத்துவிட்டார். அவரும் கப்பல்காரர், இன்ஜின் ரூம் ஆயிலர். கப்பல் பக்கவாட்டில் தொங்குமே கயிற்று ஏணி, அதில் ஏறும்போது கை நழுவி விழுந்தவர். "தண்ணில வுழுந்திருந்தா நீஞ்சிக்கினு வந்திருப்பேன். எனக்குனு கீழ ஒரு படகு நின்னுக்கினு கீது. கரெக்டா அதுல போய் வுழுந்தேன்!"

ஆயாம்மா காப்பி கொண்டுவந்தார். அவரிடம் நீட்டவில்லை. பக்கத்தில் நின்று தானே டபராவில் ஊற்றி, ஆத்தி, விரலால் தொட்டுப் பார்த்து, அவருடைய இடது கையில் டம்ளரைக் கொடுத்தார். வலது கை மடியிலேயே கிடந்தது. இடுப்புக்கு மேலே அது தூக்காது என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அவரைப் பஸ் ஏற்றிவிட்டு வந்து ஆயாம்மா என் மேஜைமேல் சாய்ந்து நின்றார்.

"ஏணிலேர்ந்து வுழறதுக்கு மின்னயே அவருக்குத் தோளு போயிருந்திச்சி. யார்கிட்டயும் சொல்லல. எங்கியோ மெடிக்கல் போய்ட்டு, பாஸாயிட்டேன்னு குதிச்சிக்கினு ஊட்டுக்கு வந்தாரு. காப்பி குட்தேன். ஆத்தாம கொதிக்கக் கொதிக்கக் குடிச்சாரு. நான் பார்த்தேன் கம்ப்யூட்டர். எனக்குத் தெரிஞ்சிபோச்சி."

"நீங்க ஒண்ணும் கேக்கலையா?"

"கேக்கல. கப்பல்காரன் பொண்டாட்டின்னா தெருவுல ஒரு கெத்து கீது பாரு. அத வுட எனக்கு மன்சு வரல. போய்ட்டு வான்னேன். சிரிச்சிக்கினே சொன்னேன். போனவரு இப்டித்தான் வந்தாரு."

என் மேஜையில் அன்றைய காப்பி ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது. அதை அப்படியே எடுத்துக் குடித்தேன். "அய்ய, அத ஏன் குடிக்கிற, குடு, சூடு பண்ணித் தரேன்" என்று அவர் பிடுங்கப் பார்த்தார். நான் கொடுக்கவில்லை. என் திமிரை நினைத்து எனக்கே வெட்கமாக இருந்தது.

மழைக்காலம் போய், பொங்கலும் போனபிறகு ஒருநாள் காலை படியில் அந்தத் தூத்துக்குடிக்காரன் உட்கார்ந்திருந்தான். கை ஆபரேஷன் முடிந்து மாதக்கணக்கில் பயிற்சி செய்திருக்கிறான். வேறொரு கப்பல், அதே போசன் வேலை. அடிபட்டதுண்டா என்று கேட்டேன்.

"உண்டு மேடம். வலது கை, ரெண்டு விரல். நல்லா எழுதிக்கிடுங்க" என்றான். நான் வேலைக்குச் சேர்ந்த நாள்முதல் அந்தக் கட்டத்தில் 'உண்டு' என்று சொன்ன முதல் ஆள் அவன்தான். அந்தச் சொல்லை அடிக்க எனக்கே கை ஒரு கணம் நின்றது.

டாக்டர் பார்த்து முடித்தார். காப்பி வந்தது. வழக்கத்தைவிட அதிகமாகவே புகைந்தது என்று எனக்குத் தோன்றியது. ஆயாம்மா அன்று துணியை எடுக்கவில்லை, நேராகவே நின்று பார்த்தார். அவன் இடது கையால் டபராவின் விளிம்பைப் பிடித்தான். வலது கையின் ஐந்து விரலும் மடங்கி டம்ளரைப் பிடித்தன. சுண்டு விரல் மட்டும் கொஞ்சம் மெதுவாக வந்து சேர்ந்தது. டம்ளர் மேலே போனது. ஒரு முழம் இல்லை, அரை முழம்தான். இரண்டு சொட்டு வெளியே சிந்தியது. நாலு தடவை ஆத்தினான். பிறகு வெறும் டபராவைக் கீழே வைத்துவிட்டு டம்ளரை வலது கையிலிருந்து இடது கைக்கும், இடது கையிலிருந்து வலது கைக்கும் மாற்றிக் காட்டினான்.

"இந்தத் தடவை சுடுகாப்பிலதான் பழகுனேன் ஆயாம்மா. எங்கம்மா நாலு மாசமா திட்டிக்கிட்டே போட்டுக் குடுத்தாவ."

ஆயாம்மா சுற்றிக்கொண்டு அவனுக்குப் பின்னால் போனார். மெதுவாகக் கேட்டார், "சக்கரை போதுமா?"

அவன் திரும்பாமலே சொன்னான். "போதும் ஆயாம்மா. காதும் நல்லாத்தான் இருக்கு."

ஹால் முழுக்கச் சிரித்தது. டாக்டர் அறைக்குள்ளிருந்தும் ஒரு சிரிப்பு வந்தது, அப்புறம் பேனா கிறுக்கும் சத்தம். சர்டிபிகேட்டை நான்தான் சீல் வைத்துக் கொடுத்தேன். அவன் அதைச் சட்டைக்குள் பத்திரப்படுத்திக்கொண்டு ஆயாம்மாவிடம் போனான்.

"வாரேன் ஆயாம்மா."

"டம்ளர வச்சிட்டுப் போ."

வைத்தான். செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினான். நாலு படி இறங்கியிருப்பான், ஆயாம்மா கையில் ஈர டம்ளரோடு வேகமாகப் போய்ப் படியின் தலைமாட்டில் நின்றார்.

"நைனா!"

அவன் நின்று நிமிர்ந்து பார்த்தான்.

"போய்ட்டு வா."

நான் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருப்பதுபோல உட்கார்ந்திருந்தேன். திரையில் எனக்கு ஒரு எழுத்தும் தெரியவில்லை.